தேவகி ஊற்றாத தண்ணீர்

அன்வர் கண்ணு,

உட்கார்ந்து எழுத முடியவில்லை. அடுப்பு மேடையில் தாளை வைத்து நின்றபடியே எழுதுகிறேன். நாலு வரி எழுதுவதும் வாசல்வரை போய் வருவதுமாக இருக்கிறேன். "அப்படி என்னத்தைத்தான் தேடறே?" என்று உன் மச்சான் கேட்கிறார். நான் எதையும் தேடவில்லை. சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது, கேட்க நீ இல்லை. அவ்வளவுதான்.

இதை மற்றவர்களும் படிக்கக் கொடுக்கப்போகிறேன். உனக்குக் கூச்சமாக இருக்கும், தெரியும். உன்னை அறியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்ததையே நடுநடுவில் சொல்ல வேண்டிவரும். "எனக்கே கதை சொல்றியாக்கா?" என்று சிரிக்காதே.

நீ பெங்களூரில் ஆராய்ச்சி மாணவனாக இருந்தாய். சனிக்கிழமை ஆனால் பஸ் ஏறி, அத்திப்பள்ளி தாண்டி, ஓசூரில் இறங்கி, என் வீட்டில் சாப்பிட்டுவிட்டு மறுநாள் கிருஷ்ணகிரிக்குப் போவாய். போன மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். ஆஸ்பத்திரியில் காய்ச்சல் இறங்கியதும் நாங்கள் எல்லோரும் மூச்சுவிட்டோம். இறங்கின பிறகுதான் கவனமாக இருக்க வேண்டிய நேரம் என்று பிறகு சொன்னார்கள். அந்தப் பிறகை நினைத்தால் எனக்கு இப்போதும் கால் தரிப்பதில்லை.

சரி. நடந்ததைச் சொல்கிறேன்.

நான் அதே பெயின்ட் கம்பெனியில்தான் இருக்கிறேன், தரம் பார்க்கும் லேபில். கோடை தொடங்கும்போது கடைக்காரர்களிடமிருந்து ஒரு புகார் வந்தது. எங்கள் வெள்ளைப் பெயின்ட் தண்ணியாக இருக்கிறதாம், பிரஷ்ஷில் நிற்காமல் ஒழுகுகிறதாம். கெட்டியாகக் கொடுங்கள் என்று தலைமை அலுவலகம் சொல்லிவிட்டது. உற்பத்தியைப் பார்க்கும் ராஜசேகர் சார் புதிய திக்னர் ஒன்றை வரவழைத்தார். பெயின்ட்டைக் கெட்டியாக்கச் சேர்க்கிற பொருள் அது. தண்ணீரில் கரைந்தால் நீளநீளச் சங்கிலிகளாக விரிந்து நிற்கிற பாலிமர். சங்கிலி நெடுக எதிர்மின்னூட்டம் இருக்கும். பழைய திக்னரும் அந்த இனம்தான், ஆனால் இது இன்னும் நீளமான சங்கிலி. அளவையும் அவர் கூட்டச் சொன்னார்.

மிக்ஸரில் பார்க்க அருமையாகத்தான் இருந்தது. கட்டித்தயிர் மாதிரி வந்தது. நானே பார்த்து அனுமதி கொடுத்தேன். டிரம்களில் அடைத்து அனுப்பிவிட்டார்கள்.

கொஞ்ச நாளில் சேலத்துக் கடை ஒன்றிலிருந்து ராஜசேகர் சாருக்குப் படம் வந்தது. மூடியைத் திறந்தால் மேலே தெளிந்த தண்ணீர் ஒரு விரல்கடைக்கு நிற்கிறது. அடியில் பெயின்ட் திரிந்த பால் மாதிரி திரண்டு கிடக்கிறது. "தண்ணி கலந்து விக்கிறீங்களா?" என்று கீழே ஒரு வரி. எங்கள் குடோனில் மிச்சமிருந்த டிரம்களைத் திறந்து பார்த்தோம். அவற்றிலும் அப்படியே.

அந்த பேட்ச் ஓடியபோது மிக்ஸரில் நின்றவள் தேவகி. உனக்கு அவளைத் தெரியாது. ஊர் சிங்காரப்பேட்டை. புருஷன் இறந்த பிறகு மகளை அழைத்துக்கொண்டு இங்கே வந்தவள். உத்தனப்பள்ளியில் வாடகைக்கு இருந்துகொண்டு கம்பெனி பஸ்ஸில் வருவாள். பேச்சு குறைவு. மிக்ஸர் ஓடும்போது பக்கத்தில் நின்று பேசினால்கூட "கொஞ்சம் இருங்க" என்று கையைக் காட்டுவாள்.

ராஜசேகர் சார் நேராக மிக்ஸர் ஷெட்டுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். ஷிஃப்ட் மாறுகிற நேரம், எல்லோரும் நின்றிருந்தார்கள்.

"தண்ணிப் பைப்பைத் திறந்து போட்டுட்டு எங்கம்மா போன?" என்றார்.

"எங்கியும் போகலிங்க சார். மீட்டர்ல வச்ச தண்ணிதான் விட்டேன். அதுக்கு மேல ஒரு சொட்டு ஊத்தல."

"ஊத்தலன்னா மேல நிக்கிறது என்னது?"

அதற்குத் தேவகி என்ன சொல்வாள்? அவளும் டிரம்மைப் பார்த்தவள்தானே. தண்ணீர் கண்ணெதிரே நிற்கிறதே.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை, அன்வர். மறுநாள் வேறொரு பேச்சு கிளம்பியது. அவள் வாடகை வீட்டின் முன்சுவருக்குப் புதிதாக வெள்ளையடித்திருக்கிறதாம். கம்பெனிப் பெயின்ட்டை வெளியே எடுத்துவிட்டு, குறைந்த இடத்தைத் தண்ணீரால் நிரப்பிவிட்டாளாம். கவனக்குறைவு என்று தொடங்கியது ஒரே ராத்திரியில் திருட்டு என்று ஆகிவிட்டது. விசாரணை முடியும்வரை வரவேண்டாம் என்று அவளை அனுப்பிவிட்டார்கள். சிங்காரப்பேட்டையில் இருக்கும் அவள் அண்ணன்வரை செய்தி போய்விட்டது. அவர் போன் பண்ணி, "எங்க பேரைக் கெடுத்துட்டியே" என்று கத்தியிருக்கிறார்.

நான் செய்யவேண்டியதைச் செய்தேன். ஒரு டிரம்மை நன்றாகக் கலக்கி, கொஞ்சம் எடுத்து, அடுப்பில் காயவைத்து எடை பார்த்தேன். தண்ணீர் கூடியிருந்தாலோ, பெயின்ட்டை எடுத்துவிட்டுத் தண்ணீரால் நிரப்பியிருந்தாலோ, காய்ந்தபின் மிஞ்சுகிற எடை குறைய வேண்டும். குறையவில்லை. வேறு டிரம்களிலும் பார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தது. பெயின்ட்டில் எவ்வளவு தண்ணீர் இருக்கவேண்டுமோ அவ்வளவுதான் இருந்தது.

ராஜசேகர் சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் தூத்துக்குடிக்காரர். கெட்டவர் இல்லை. தவறு தேவகியுடையது என்று தலைமை அலுவலகத்துக்கு ஏற்கெனவே எழுதிவிட்டிருந்தார், அதுதான் சிக்கல்.

"நீங்க சொல்லுத கணக்கு சரின்னே வச்சுக்கிடுவோம் ரஹமத்து. தண்ணி கூடல. அப்ப மேல நிக்கிற தண்ணி வானத்துலருந்தா வந்துச்சு? அத எனக்கு விளங்க வைங்க. வச்சிட்டீங்கன்னா நான் எழுதுனத நானே திருப்பி வாங்குதேன்."

நான் படித்த படிப்பு நேர் எதிராகச் சொன்னது. பெயின்ட் துகள்களிலும் எதிர்மின்னூட்டம், திக்னர் சங்கிலியிலும் எதிர்மின்னூட்டம். ஒன்றையொன்று தள்ளும். ஒட்டவே ஒட்டாது. ஒட்டாத ஒன்றை அதிகம் போட்டால் துகள்கள் ஏன் போய் ஒன்றோடொன்று திரள வேண்டும்? உள்ளே இருந்த தண்ணீரை ஏன் வெளியே விடவேண்டும்?

அப்போதுதான் நீ வந்தாய். கேன்டீனில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது, ஓசூர் பஸ் ஸ்டாண்டில் நீ பேசியது நினைவுக்கு வந்தது. ஏதோ பண்டிகைக்கு முந்தின நாள். கிருஷ்ணகிரி பஸ்ஸுக்குக் காத்து நின்றோம். கூட்டம் நம்மை இடித்துக்கொண்டே போனது. "உன் ஆராய்ச்சிதான் என்னடா?" என்று சும்மா கேட்டேன். நீ எதிரே கையைக் காட்டினாய். முன்பின் தெரியாத இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் நின்றிருந்தார்கள், நடுவில் சின்ன இடைவெளி.

"அந்த சந்துக்குள்ள மூட்டை தூக்கிட்டு யாரும் பூர முடியாது, பாரு. எல்லாரும் வெளிப்பக்கமாவே இடிச்சிட்டுப் போறாங்க. உள்பக்கம் இருந்து திருப்பித் தள்ள ஆள் இல்ல. இன்னும் கொஞ்ச நேரத்துல ரெண்டு பேரும் ஒட்டிக்குவாங்க."

"அவங்களுக்குள்ள என்னடா சம்பந்தம்?"

"ஒரு சம்பந்தமும் இல்லக்கா. கூட்டம் தள்ளுது. அவ்வளவுதான்."

பஸ் வந்துவிட்டது. மீதியை நீ ஏறிப்போய் ஜன்னல் வழியாகச் சொன்னாய். ஏதோ அலை, ஏதோ உப்பு. ஹார்ன் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. வீட்டுக்கு வரும்போது கேட்டுக்கொள்ளலாம் என்று தலையை ஆட்டிவிட்டேன். அந்த மீதி என்ன, அன்வர்? கேன்டீனில் டீ ஆறிப்போக நின்று யோசித்தேன். பாதிதான் கிடைத்தது. பாதியை வைத்து ஒருத்தியைக் காப்பாற்ற முடியுமா?

உன் லேபில் உன்னோடு இருந்த சௌம்யாவின் நம்பர் என்னிடம் இருந்தது. நீ போன அன்று உடைந்த தமிழில் பேசி அழுத கன்னடப் பெண். கூப்பிட்டேன். எடுத்ததும் "அன்வர் அக்கா?" என்றாள். தேவகி விஷயத்தைச் சொன்னேன். பெயின்ட்டுக்கு மேலே நின்ற தெளிந்த தண்ணீரையும், அடியில் திரண்டதையும் கொண்டுவரச் சொன்னாள். "டென்ஷன் மாடபேடி, கவலப்படாதீங்க அக்கா, நீங்க வாங்க, பாக்கலாம்."

பாட்டில்களைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். நீ வாராவாரம் வந்த வழியில் நான் எதிர்த்திசையில் போனேன். கூட்டம் இல்லை, உட்கார இடம் இருந்தது. நான் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே போனேன்.

உன் லேபைப் பார்த்ததும் கோபம்தான் வந்தது. இவ்வளவு சின்ன அறையா? இதற்குள்ளா எங்களை விட்டுவிட்டு அத்தனை வருஷம் கிடந்தாய்? மேஜைமேல் அந்தக் கருவி இருந்தது. முடியைவிட மெல்லிய ஒரு தகடு, அதன் நுனியில் கண்ணுக்குத் தெரியாத கண்ணாடி உருண்டை. கீழே ஒரு கண்ணாடிப் பரப்பு. இரண்டுக்கும் நடுவில் பாலிமர் கரைந்த தண்ணீர். உருண்டையை மெல்ல மெல்லப் பரப்பை நோக்கி இறக்குவார்கள். பரப்பு உருண்டையை இழுத்தால் தகடு கீழே வளையும், தள்ளினால் மேலே வளையும். அந்த வளைவுதான் கணக்கு. சௌம்யா திரையில் எனக்குக் காட்டிக்கொண்டே செய்தாள்.

நான் கொண்டுபோன தெளிந்த தண்ணீரை விரலில் தொட்டுப் பார்க்கச் சொன்னாள் முதலில். வழுவழுவென்று இருந்தது. "இது பைப் தண்ணி இல்லக்கா. இதுல திக்னர் இருக்கு. தண்ணி ஊத்தியிருந்தா இப்படி இருக்காது." அதை அளவாக நீர்க்கவைத்து, பெயின்ட் பொருள்களிலிருந்து அதில் சேர்ந்த உப்பைக் குறைத்து, கருவிக்குள் விட்டாள். உருண்டை இறங்கத் தொடங்கியது.

திரையில் கோடு பெரும்பாலும் தட்டையாக, மிக லேசாக நெளிந்தபடி வந்துகொண்டிருந்தது. பிறகு கொஞ்சம் மேலே எழும்பியது. "தள்ளுது," என்றாள். பிறகு சட்டென்று கீழே குழிந்தது. "இழுக்குது." கண்ணாடியும் எதிர்மின்னூட்டம், திக்னரும் எதிர்மின்னூட்டம். ஒட்ட வேண்டிய காரணம் எதுவுமில்லாத இரண்டு பரப்புகள், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்றையொன்று நெருங்கின.

சௌம்யா நிதானமாகச் சொன்னாள். உருண்டைக்கும் பரப்புக்கும் இடையே சங்கிலிகள் ஒரு வரிசை நிற்கிற அளவுக்கு இடம் இருக்கும்போது, அந்த வரிசை இரண்டையும் நெருங்கவிடாமல் தாங்குகிறது. அதுதான் அந்த மேடு. இன்னும் நெருக்கினால் அந்த வரிசையே வெளியே போய்விடுகிறது. இப்போது நடுவில் சங்கிலியே இல்லை. வெளியே இருக்கிற சங்கிலிகள் எல்லாப் பக்கமும் நெருக்குகின்றன. இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. திக்னர் அதிகமாக அதிகமாக நெருக்கமும் அதிகம். பெயின்ட்டில் லட்சோபலட்சம் துகள்களுக்கு இதுவேதான் நடக்கிறது. துகள்கள் திரண்டு கீழே அமுங்கும்போது நடுவில் இருந்த தண்ணீர் பிதுங்கி மேலே வந்து நிற்கிறது.

"அந்தம்மா தண்ணி ஊத்தல அக்கா. பெயின்ட்டே தண்ணியைக் கக்கிச்சு."

எனக்கு உட்கார வேண்டும்போல் இருந்தது. முதல் முறையாக. பக்கத்தில் ஒரு நாற்காலி இருந்தது. அது உன்னுடையது என்று சௌம்யா சொன்னதும் திரும்ப எழுந்துவிட்டேன்.

ஆனால் ராஜசேகர் சாரிடம் இந்தக் கோட்டைக் காட்டினால் நம்புவாரா? மேடு, குழி என்றால் சிரிக்கமாட்டாரா? சௌம்யாவிடம் கேட்டேன்.

"பசை போட்டு ஒட்டியிருந்தா பிரியாது. கூட்டம் தள்ளி ஒட்டியிருந்தா, கூட்டம் கலைஞ்சா அதுங்க பாட்டுக்குப் பிரிஞ்சிடும். அதைக் காட்டுங்க."

கூட்டம் என்றுதான் சொன்னாள். நீ அவளிடமும் பஸ் ஸ்டாண்டைத்தான் சொல்லியிருக்கிறாய் போல.

விசாரணைக்கு முந்தின வேலைநாளில் ராஜசேகர் சாரை லேபுக்குக் கூப்பிட்டேன். பழைய முறையில் செய்த நல்ல பெயின்ட்டை அவர் கண்முன்னாலேயே இரண்டு கண்ணாடி ஜாடிகளில் எடுத்தேன். ஒன்றில் தண்ணீர் மட்டும் ஊற்றிக் கலக்கினேன், தேவகி ஊற்றியதாக அவர் சொன்ன அளவுக்கு. இன்னொன்றில் தண்ணீர் ஒரு சொட்டும் ஊற்றாமல் புதிய திக்னரை மட்டும் கூடுதலாகச் சேர்த்தேன். இரண்டையும் மூடி, மூடிமேல் அவரையே கையெழுத்துப் போடச் சொன்னேன். அலமாரிச் சாவியையும் அவரிடமே கொடுத்தேன். அவர் ஏதோ மந்திரவாதியைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துவிட்டுப் போனார்.

நடுவில் விடுமுறை. அந்த விடுமுறையை எப்படிக் கழித்தேன் என்று கேட்காதே. திரளவில்லை என்றால்? லேபில் வருவது ஜாடியில் வராமல் போவதும் உண்டுதானே? நீயே எத்தனை முறை "இன்னிக்கு ஒண்ணுமே வரலக்கா" என்று சோர்ந்துபோய் வந்திருக்கிறாய்? வீட்டைக் கழுவினேன். கழுவிய வீட்டைத் திரும்பக் கழுவினேன். உன் மச்சான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

விசாரணை அறையில் ராஜசேகர் சார், மனிதவள அதிகாரியம்மா, நான், தேவகி. தேவகி தன் மகளின் பள்ளிக்கூடச் சீருடைத் துப்பட்டா ஒன்றைத் தோளில் போட்டிருந்தாள். கை இரண்டையும் அதற்குள் மறைத்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

ராஜசேகர் சார் லேப் அலமாரியைத் தன் சாவியால் திறந்து ஜாடிகளை எடுத்துவந்து வைத்தார்.

தண்ணீர் ஊற்றிய ஜாடி மேலிருந்து கீழ்வரை ஒரே வெள்ளை. நீர்த்துப்போயிருந்தது, ஆனால் மேலே தெளியவே இல்லை. திக்னர் மட்டும் சேர்த்த ஜாடியில் மேலே தெளிந்த தண்ணீர். அடியில் திரிந்த பால்.

அதிகாரியம்மா ஜாடியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "இதுல தண்ணியே ஊத்தலையா?"

"ஊத்தல மேடம். சார் முன்னாடிதான் செஞ்சேன்."

பிறகு திரிந்த ஜாடியைத் திறந்து, அதில் தண்ணீர் ஊற்றினேன். ராஜசேகர் சார் "என்ன பண்ணுதீங்க, அதுலதான் ஏற்கெனவே தண்ணி நிக்கே!" என்று பதறினார். மெதுவாகக் கலக்கினேன். திரள்கள் கரைந்தன. கொஞ்ச நேரத்தில் ஜாடி முழுக்க ஒரே வெள்ளையாக ஆனது. ஒரு துளியைக் கண்ணாடித் தட்டில் வைத்து, முன்பே கொண்டுவந்து வைத்திருந்த மைக்ராஸ்கோப்பில் அவரையே பார்க்கச் சொன்னேன். கொத்துக் கொத்தாக இருந்த துகள்கள் தனித்தனியாகத் திரிந்துகொண்டிருந்தன.

"தண்ணி ஊத்துனதும் திக்னர் நெருக்கம் குறைஞ்சு போச்சு சார். நெருக்கம் குறைஞ்சா அதுங்க பிரிஞ்சிடும். தண்ணி அதிகமானதால இது திரியல. திக்னர் அதிகமானதால திரிஞ்சது."

அவர் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்க வெகுநேரம் ஆனது. எடுத்ததும் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தார்.

"டோஸ ஏத்தச் சொன்னது நான்தான்," என்றார். "எழுதிக் குடுத்தத திருப்பி வாங்கிடுதேன்."

அதிகாரியம்மா தேவகியிடம், "நாளையில இருந்து வேலைக்கு வந்துடும்மா" என்றார். அவ்வளவுதான் என்று நான் நினைத்தேன். ஜாடிகளை அள்ளிக்கொண்டு கிளம்பப் பார்த்தேன். தேவகி நகரவில்லை.

"வரேனுங்க மேடம். ஆனா ஒண்ணு. அன்னிக்கு சார் எல்லார் முன்னாடியும் வச்சுத்தான என்னைக் கேட்டாரு? இன்னிக்கு மட்டும் ரூமுக்குள்ள கதவச் சாத்திக்கிட்டு சொன்னா எப்படிங்க? எங்க அண்ணனுக்குத் தெரியணும். வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியணும். எல்லார் முன்னாடியும் கேட்டதை எல்லார் முன்னாடியும் சொல்லுங்க."

அன்வர், அவள் குரல் உயரவே இல்லை. நான் ஜாடியை இறுகப் பிடித்துக்கொண்டு ராஜசேகர் சார் முகத்தையே பார்த்தேன். மாட்டேன் என்பார் என்றுதான் நினைத்தேன். கோபப்படுவார், திரும்பவும் முதலிலிருந்து தொடங்கும் என்று நினைத்தேன். அவர் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார். "வாங்க," என்றார்.

ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் மிக்ஸர் படியில் ஏறி நின்று சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. "தேவகி தண்ணி ஊத்தல. பெயின்ட்ட எடுக்கவும் இல்ல. தப்பு எங்க ஃபார்முலால. நான் அவசரப்பட்டுப் பேசிட்டேன்." கன்னடம், தெலுங்கு பேசுகிறவர்களுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள். யாரோ அதைப் போனில் பிடித்து, அது சிங்காரப்பேட்டைவரை போய்ச் சேர்ந்தது. அண்ணன்காரர் திரும்பக் கூப்பிட்டாராம். தேவகி எடுக்கவில்லையாம். "இன்னும் ரெண்டு தபா அடிக்கட்டும்" என்றாள் என்னிடம். அன்றைக்குத்தான் அவள் சிரித்துப் பார்த்தேன்.

எல்லாம் நல்லபடியாக முடிந்ததே, பிறகு ஏன் இவள் அடுப்பு மேடையில் நின்றுகொண்டு தவிக்கிறாள் என்று நீ கேட்கலாம். போன வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன்.

அம்மா இப்போது என்னோடு ஓசூரில்தான் இருக்கிறார். கிருஷ்ணகிரி வீட்டில் தனியாக விட மனம் வரவில்லை. உன்னைப் பற்றி அவர் பேசுவதே இல்லை. யாராவது பேச்சை எடுத்தால் ஓதுகிற தஸ்பீஹ் மணிமாலையை உருட்டிக்கொண்டு உள்ளே போய்விடுவார். வெள்ளிக்கிழமை தேவகி மகளோடு வீட்டுக்கு வந்தாள், கையில் ஒரு பை மாம்பழம். உன்னைப் பற்றியும் உன் படிப்பைப் பற்றியும் நான் அவளிடம் முன்பே சொல்லியிருந்தேன். அம்மா கதவைத் திறந்தார்.

"நீங்கதான் அன்வர் தம்பியோட அம்மாங்களா?" என்றாள் தேவகி. நான் சமையலறையிலிருந்து ஓடிவருவதற்குள் சொல்லிவிட்டாள். "உங்க மகன் படிச்ச படிப்புதாங்க என்னைத் திருடி இல்லன்னு காட்டுச்சு."

அம்மா உள்ளே போகவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு தேவகியின் மகளைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்து உட்காரவைத்தார். அவர்கள் டீ குடித்துக் கிளம்பும்வரை ஏதேதோ பேசிக்கொண்டிருந்தார். போன பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அவன் அங்க என்னதான் படிச்சான் ரஹமத்? நானு ஒரு தபா கூடக் கேட்டதில்ல. தண்ணி, பாலிமருன்னு ஏதோ சொல்லுவான், நானு சோறு போடப் போயிடுவேன். எனக்குச் சொல்லு."

சொல்லத் தொடங்கினேன். பஸ் ஸ்டாண்டைச் சொன்னேன். புரிந்தது. தலையை ஆட்டினார். "சரி, கூட்டம் தள்ளுது. அப்புறம்?" என்றார்.

அப்புறம்தான் எனக்குத் தெரியாதே, அன்வர்! அந்த மேட்டுக்கு முன்னால் திரையில் இன்னொரு சின்ன மேடு வந்தது. அதற்கும் முன்னால் இன்னொன்று இருப்பதுபோலத் தோன்றியது. சங்கிலிகள் இரண்டு வரிசை, மூன்று வரிசை நிற்கின்றன என்றாள் சௌம்யா. அதுதான் நீ சொன்ன அலை. உப்புக் கூடினால் அது அடங்கிவிட வேண்டுமாம். எங்கள் பெயின்ட் கக்கிய தண்ணீரை உப்புக் குறைக்காமல் அப்படியே விட்டுப் பார்த்தபோதும் லேசாக ஒரு அலை தெரிந்தது. அது உண்மையா, கருவியின் நடுக்கமா என்று அவளுக்கே தெரியவில்லை. "அன்வர் இதைத்தான் தேடிட்டு இருந்தாரு," என்று மட்டும் சொன்னாள். நீ எதுவரை போயிருந்தாய்? விடை கிடைத்திருந்ததா? அன்றைக்கு ஜன்னலிலிருந்து கத்திச் சொன்னது அதைத்தானா?

இதை நினைத்தால் எனக்கு ஆறுதலே வரவில்லை. ஒருத்திக்கு நல்லது நடந்தது, உன் பேரில் நடந்தது. அதைக் கேட்டு "அப்படியாக்கா!" என்று நீ குதித்திருக்க வேண்டாமா?

சௌம்யா உன் வேலையை ஆராய்ச்சிக் கட்டுரையாக எழுதி முடிக்கிறாள். உன் பேர்தான் முதலில் வரும் என்று உன் பேராசிரியர் சொல்லிவிட்டாராம். முடிப்பதற்கு முன் அந்த அலையைத் திரும்ப ஒருமுறை அளக்கப்போகிறாள். அதை நான் அம்மாவிடம் சொன்னேன். "நம்மளை உள்ள விடுவாங்களா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, அலமாரியைத் திறந்து பெருநாளுக்கு எடுத்த புடவையை வெளியே வைத்தார்.

ஆகவே கண்ணு, இதோ சொல்கிறேன். சனிக்கிழமை அம்மாவைப் பெங்களூருக்கு அழைத்துப்போகிறேன். உன் நாற்காலியில் அவரை உட்காரவைப்பேன். உருண்டை இறங்கும்போது கோடு எழும்புவதையும் குழிவதையும் அவர் பார்க்கட்டும். புரியாத இடத்தில் எல்லாம் நான் கேட்டுத் தெரிந்துகொண்டு அவருக்குச் சொல்வேன். அவர் "அப்புறம்?" என்று கேட்கிறவரை சொல்லிக்கொண்டே இருப்பேன்.

உன் கூடப்பிறந்தவள்,
ரஹமத் அக்கா
ஓசூர்